நிலநடுக்கம் சாதி பார்க்காது. நிவாரணப் பட்டியல் பார்க்கும்

ஏப்ரல் பிறந்தால் நம் காலனிகளில் இளைஞர் மன்றங்களின் நோட்டுப் புத்தகம் வெளியே வந்துவிடும். அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளுக்கு யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள், பேனருக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று வரி வரியாக எழுதுவார்கள். 14-ஆம் தேதி முடிந்ததும் அந்த நோட்டு மன்றத்து அலமாரிக்குள் போய்விடும். பிறகு அடுத்த ஏப்ரலில்தான் அதற்கு வேலை.

இதே ஏப்ரலில் நாம் நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு தேதி 25. அந்த நாளில் நேபாளம் குலுங்கி 2025-ஆம் ஆண்டோடு பத்தாண்டு ஆனது. அதற்குப் பிறகு அந்த நாட்டுத் தலித் இளைஞர்கள் அரிசி மூட்டையும் தார்ப்பாயும் சுமந்தார்கள். கூடவே கணக்கெடுக்கும் நோட்டையும் சுமந்தார்கள். அரிசி சில வாரங்களில் தீர்ந்துவிட்டது. அந்தக் கணக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் நம் மாணவர்களிடமும் மன்றத்துத் தம்பி தங்கைகளிடமும் இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

சனிக்கிழமை முற்பகல் 11.56

2015 ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். அதனால் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் சாவு எத்தனை மடங்கு கூடியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் அன்று இடிந்து விழுந்தன. கோர்க்கா மாவட்டத்தில் பார்பாக் என்ற மலைக் கிராமத்தின் அருகே மையம் கொண்ட நிலநடுக்கத்தின் அளவு 7.8. மே 12-ஆம் தேதி மறுபடியும் 7.3 அளவில் ஒரு குலுக்கல். ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். 22,000 பேர் காயமடைந்தார்கள். 5 லட்சம் வீடுகள் அளவுக்குத் தரைமட்டமாயின. இரண்டரை லட்சம் வீடுகள் விரிசல் விட்டன. சிந்துபால்சோக் என்ற ஒரே மாவட்டத்தில் மட்டும் சுமார் 3,500 உயிர்கள் போயின.

இடிந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை கருங்கல்லை மண் சாந்து வைத்து அடுக்கிக் கட்டிய வீடுகள். கல் கனமானது, மண்ணுக்கு அதைப் பிடித்து வைக்கும் வலு கிடையாது. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது சுவர் பிரிந்து, கல்லும் கூரையும் உள்ளே இருப்பவர் மேல் சரியும். சிமெண்டும் கம்பியும் வாங்க முடிந்தவர் வீடு நின்றது. வாங்க முடியாதவர் வீடு விழுந்தது. நிலநடுக்கத்துக்குச் சாதி தெரியாது என்பது உண்மைதான். ஆனால் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், அந்த வீடு சரிவில் எந்த மூலையில் இருக்கிறது என்பதையெல்லாம் சாதி முன்பே முடிவு செய்து வைத்திருந்தது.

நேபாளத்தின் மக்கள்தொகையில் தலித்துகள் சுமார் 13 சதவீதம். மலைப் பகுதியில் இரும்பு வேலை செய்யும் காமி, துணி தைத்தும் இசைக் கருவி வாசித்தும் வாழும் தமாய், தோல் வேலை செய்யும் சார்கி. இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் சமார், முசஹர், டோம் முதலியோர். 1854-இல் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த முலுக்கி ஐன் என்ற சட்டம், யார் கையால் தண்ணீர் வாங்கலாம், யார் கையால் வாங்கக் கூடாது என்பதையே அரசுச் சட்டமாக எழுதி வைத்தது. 1963-இல் வந்த புதிய சட்டம் அந்தப் பிரிவினையை நீக்கியது. தீண்டாமையைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் 2011-இல் வந்தது. சட்டம் மாறிய பிறகும் ஊர்க் குழாயடியில் பழைய சட்டமே நடக்கும் ஊர்கள் உண்டு. இதை நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திருநெல்வேலியில் ஒரு பேச்சு

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியையும் சொல்லிவிடுவோம். 1934 ஜனவரி 15 அன்று நேபாளத்தையும் பீகாரையும் ஒரு பெரும் நிலநடுக்கம் சிதைத்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்ற பொருளில் பேசினார். தீண்டாமையை அவரைப் போலவே எதிர்த்த தாகூர் அதை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணம்தான் உண்டு, இப்படிப் பேசுவது மக்களிடம் மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று மறுப்பு எழுதினார். பள்ளி மாணவர்கள் பட்டிமன்றத்தில் எடுத்து வாதிட ஏற்ற தலைப்பு இது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தீண்டாமைக்குத் தண்டனை என்றால், தீண்டாமையால் வதைபட்டவர்களும் ஏன் அதே இடிபாட்டில் செத்தார்கள்? பூமி அசைவதற்குச் சாதி காரணம் இல்லை. அசைந்த பிறகு யாருக்குக் கூரை கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்குத்தான் சாதி காரணம். 2015-இல் அதே நேபாளத்தில் அதுதான் நடந்தது.

நிவாரணம் எங்கே நின்றது?

நிவாரணப் பொருள் லாரியில் வரும். லாரி, தார்ச்சாலை முடியும் இடத்தில் நிற்கும். தலித் குடியிருப்புகள் பல இடங்களில் சாலையிலிருந்து தள்ளி, செங்குத்தான சரிவுகளில் இருந்தன. செய்தி அவர்களுக்கு எட்டி, அவர்கள் இறங்கி வருவதற்குள் லாரி காலியாகிவிடும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய உள்ளாட்சியில் 2002 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளே இல்லை. உள்ளூர்க் கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அந்த இடத்தில் தலித்துகளின் குரல் மிகக் குறைவு.

இதெல்லாம் முதல் சில வாரங்களின் கதை. அடுத்து வந்தது காகிதம். இடிந்த வீட்டைக் கட்ட அரசு முதலில் 2 லட்சம் நேபாள ரூபாய் அறிவித்து, பிறகு 3 லட்சமாக உயர்த்தியது. நம் பணத்தில் 1,87,500 ரூபாய். இதை ஒரே தடவையில் கொடுக்கவில்லை. முதல் தவணை 50,000, அடித்தளம் போட்டுக் காட்டினால் ஒன்றரை லட்சம், பிறகு ஒரு லட்சம். இந்தப் பணம் கிடைக்க வீட்டு மனை தன் பெயரில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அங்கே நிலப் பட்டாவுக்கு லால்புர்ஜா என்று பெயர். பரம்பரை பரம்பரையாக அடுத்தவர் நிலத்திலும் புறம்போக்கிலும் குடியிருந்தவர்களிடம் லால்புர்ஜா எப்படி இருக்கும்? குடியுரிமைச் சான்று இல்லாதவர்களும் இருந்தார்கள். வீடு இடிந்தது கண் முன்னே தெரிகிறது. காகிதம் இல்லாததால் அந்த வீடு கணக்கில் இல்லை. நிலம் இல்லாதவர்கள், அவர்களில் தலித்துகள், மறுகட்டமைப்புத் திட்டத்தில் எப்படி விடுபட்டார்கள் என்பதை அம்னஸ்டி இண்டர்நேஷனல் 2017-இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது.

யாரும் வந்து "நீ தலித், உனக்கு வீடு கிடையாது" என்று சொல்லவில்லை. "பட்டா கொண்டு வா" என்றுதான் சொன்னார்கள். இரண்டுக்கும் முடிவு ஒன்றே.

நோட்டோடு போன இளைஞர்கள்

அங்குள்ள தலித் அமைப்புகள் நிலநடுக்கத்துக்குப் பிறகு முளைத்தவை அல்ல. நேபாள தேசியத் தலித் சமூக நல அமைப்பு 1982-இலிருந்து இயங்குகிறது. பெண்களே முன்னின்று நடத்தும் பெண்ணியத் தலித் அமைப்பு 1994-இல் தொடங்கியது. தலித் பத்திரிகையாளர்கள் இளம் வயதில் ஒன்று சேர்ந்து தொடங்கிய ஜாகரண் ஊடக மையம் 2000-இல் வந்தது. வானொலியிலும் செய்தித்தாளிலும் தலித் செய்தி வராத காலத்தில், நம் செய்தியை நாமே சொல்வோம் என்று கிளம்பியவர்கள் அவர்கள். இப்படிப் பத்து, இருபது ஆண்டுகளாக ஊர் ஊராக உறவு வைத்திருந்ததால்தான், எந்தச் சரிவில் எந்தக் குடியிருப்பு இருக்கிறது, அங்கே யாரைத் தேடிப் போக வேண்டும் என்பது இளைஞர்களுக்குத் தெரிந்திருந்தது.

தலித் அமைப்புகள் ஒன்று சேர்ந்து நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டோருக்கான ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தன. பொருள் கொடுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் தலித் வீடுகளுக்கே போய்க் கேள்வி கேட்டு எழுதினார்கள். அரசு நிவாரணம் வந்ததா, எப்போது வந்தது, போதுமா, பிறருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைத்ததா என்று கேட்டார்கள். அதே 2015-இல் அதை அறிக்கையாக அச்சிட்டு, அரசிடமும் உதவி செய்யும் வெளிநாட்டு நிறுவனங்களிடமும் வைத்தார்கள். நிவாரணக் குழுக்களில் தலித்துகளுக்கு இடம் வேண்டும், நிலமற்றவருக்கு நிலம் வேண்டும், யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைச் சாதி வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்பவை தலித் அமைப்புகள் எழுப்பிய முக்கியமான கோரிக்கைகள்.

மூன்றாவது கோரிக்கையைக் கவனியுங்கள். பேரிடர் நேரத்தில் சாதியைப் பற்றிப் பேசலாமா என்று நல்லவர்களே முகம் சுளிப்பார்கள். "எல்லோரும் மனிதர்கள்தானே" என்பார்கள். எல்லோரும் மனிதர்கள் என்பது பட்டியலிலும் தெரிய வேண்டும் அல்லவா? கணக்கு இல்லாவிட்டால் பாகுபாடு நடந்தது என்று நாம் சொல்வது புலம்பல் ஆகிவிடும். கணக்கு இருந்தால் அது சாட்சி ஆகும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று நேபாளத்தில் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 40-ஆம் பிரிவு தலித் உரிமைகளுக்கானது. நிலமற்ற தலித்துக்கு அரசு ஒருமுறை நிலம் வழங்க வேண்டும், வீடற்ற தலித்துக்கு வீட்டு வசதி செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அது நிலநடுக்கத்தால் மட்டும் வந்ததல்ல. பல ஆண்டுப் போராட்டத்தால் வந்தது. எழுதிய உடனே நிலம் கைக்கு வந்துவிடவும் இல்லை. ஆனாலும் "பட்டா எங்கே?" என்று கேட்ட அரசைப் பார்த்து "எங்களுக்குப் பட்டா தராதது யார்?" என்று திருப்பிக் கேட்க அந்தப் பிரிவு வழி வைத்தது.

கட்ச்சிலும் நாகையிலும்

இது நேபாளத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலையில் குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலம் நடுங்கியது. 13,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். உணவும் பணமும் ஒரே அளவில் ஒதுக்கப்பட்டாலும், தங்கும் இடம், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றில் தலித்துகளும் முஸ்லிம்களும் மற்றவர்களைவிடக் கீழான நிலையில் வைக்கப்பட்டார்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அந்த ஆண்டே எழுதியது.

2004 டிசம்பர் 26-ஐ நம் மாவட்டத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுனாமி வந்த அந்த வாரம் நாங்கள் எட்டுப் பேர் வேன் பிடித்து நாகப்பட்டினம் பக்கம் போனோம். எல்லோரும் இருபதுகளில் இருந்தோம். ஊரில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய அரிசி, பாய், பழைய துணி. போகும் வழியெல்லாம் சாலையோரம் பழைய துணி மலையாகக் கிடந்தது. எங்களுடையதும் அதில்தான் சேர்ந்தது. உடல்களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வெளியூர் நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்கள் யார் பிள்ளைகள் என்பது நமக்குத் தெரியும்.

கடலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காலனி. விவசாயக் கூலிகள். அங்கே யாரும் சாகவில்லை. ஆனால் கடல் நீர் ஏறி வயல் முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தது. நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை, அறுப்பும் இல்லை. வேலையே இல்லை. மீன் பிடிக்கிறவர் குடும்பங்களின் துயரம் கண் முன்னே இருந்தது. அவர்களுக்குப் போனதில் நமக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வள்ளமும் வலையும் இல்லாதவரின் இழப்பை எழுதப் படிவத்தில் இடமே இல்லை.

"இங்க சாவு இல்லியேன்னுட்டுப் போயிட்டாங்க தம்பி" என்றார் ஒரு பாட்டி. "வயலு செத்துப் போச்சே, அத யாரு எழுதுவா?"

நாங்கள் செய்த தவறையும் சொல்லிவிட வேண்டும். நாற்பது வீடு இருக்கும் என்று குத்துமதிப்பாக நினைத்து அரிசியைப் பொட்டலம் போட்டிருந்தோம். இருந்ததோ எழுபதுக்கு மேல். முன்னால் நின்றவருக்குக் கிடைத்தது. கடைசி வரிசைக் கிழவிகளுக்கு இல்லை. தள்ளுமுள்ளு, சத்தம், கண்ணீர். உதவி செய்யப் போன நாங்களே ஒரு சின்னப் பாகுபாட்டை நடத்திவிட்டு வேனில் ஏறினோம்.

மறுநாள் திரும்பிப் போனபோது அந்தக் காலனியிலேயே பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண், கோயில் திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வீடு வாரியாகப் பெயர், எத்தனை பேர், ரேஷன் அட்டை உண்டா, யார் நிலத்தில் கூலி வேலை, எத்தனை நாள் வேலை போச்சு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் எழுதினார். அந்தப் பட்டியலை ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம், காணோம் என்றார்கள். மறுபடி கொடுத்தோம், மேலே அனுப்பியாயிற்று என்றார்கள். அந்தப் பெண் நகல் எடுத்து வைத்திருந்ததால் மூன்றாம் முறையும் கொடுக்க முடிந்தது. எல்லோருக்கும் நியாயம் கிடைத்தது என்று சொல்ல மாட்டோம். சில வீடுகளுக்குக் கிடைத்தது. அந்த வீடுகளுக்கும் அந்த நோட்டு இல்லாவிட்டால் கிடைத்திருக்காது.

நம் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் மாவட்டங்களில் பெரிய நிலநடுக்கத்துக்கு வாய்ப்புக் குறைவு. புயலும் வெள்ளமும் நமக்குப் பழகியவை. 2018 நவம்பரில் கஜா புயல் ஓலைக் கூரையையும் தென்னையையும் ஒரே இரவில் சாய்த்ததைப் பார்த்தோம். அடுத்தது எப்போது என்று தெரியாது. வரும் என்பது தெரியும். வந்த பிறகு நோட்டு எடுப்பதைவிட, வருவதற்கு முன்பே எழுதி வைப்பது நல்லது.

என்ன எழுத வேண்டும்? வீடு வாரியாகக் குடும்பத் தலைவர் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, கர்ப்பிணிகள், முதியவர், மாற்றுத் திறனாளிகள். வீடு ஓலையா, ஓடா, தளமா? மனைப் பட்டா யார் பெயரில்? பட்டா இல்லையென்றால் எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறார்கள், வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது இருக்கிறதா? ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்று ஆகியவற்றின் நகல்களை மழைத் தண்ணீர் படாத பையில் போட்டு வைப்பது. எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு மூன்று பேரிடம் வைப்பது. இது கல்லூரி விடுமுறையில் நான்கு தங்கைகளும் நான்கு தம்பிகளும் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை.

நிவாரணம் வரும்போது, எந்தத் தெருவுக்கு எப்போது வந்தது, எவ்வளவு வந்தது, யார் விடுபட்டார்கள் என்பதைத் தேதி போட்டு எழுத வேண்டும். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 61-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. அந்தப் பிரிவின் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதே ஆண்டில் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நிவாரணம் பெற்றவர் பட்டியலைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம். அந்தப் பட்டியலையும் நம் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விடுபட்ட வீடு எது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

மனைப் பட்டாதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதை நேபாளம் நமக்குச் சொல்கிறது. புயலுக்குப் பிறகு பட்டா கேட்டு ஓடுவதில் பயன் இல்லை. மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. பட்டா இல்லாத வீடுகளின் பட்டியலை அங்கே வைத்து, தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுத மறுத்தால் மறுத்ததையும் நம் நோட்டில் எழுதுங்கள்.

அம்பேத்கர் பிறந்த நாள் கணக்கு இந்நேரம் முடிந்திருக்கும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்த நோட்டை அலமாரியில் வைத்துவிட வேண்டாம். மீதிப் பணம் எவ்வளவோ, மீதிப் பக்கங்கள் நிறைய இருக்கும். தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்குங்கள். தெருக்கோடியில் தனியாக இருக்கும் பாட்டியின் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.